முதல் சுற்று மேஸ்திரிக்கு

எடை குறைந்த பந்தய வண்டி ஒன்றை இங்கே செய்துகொண்டிருக்கிறீர்களாம். கூரை கிடையாது, கதவு கிடையாது, பின் சீட்டு கிடையாது, பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுகிற வண்டி என்று உங்களில் ஒருவர் என் வீட்டுக்கே வந்து விளக்கினார். நானும் முதன்முதலாகக் கேட்கிறவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். வயதானவனுக்குப் புதுச் செய்தி சொல்வதில் பிள்ளைகளுக்கு ஒரு சந்தோஷம், அதை நான் ஏன் கெடுக்க வேண்டும். ஆனால் அப்படி ஒரு வண்டியில் என் கையும் பட்டிருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில், லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையில். படம் வரைவதும் கணக்குப் போடுவதும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் பேச வந்தது வேறு. எதிரே நின்று ஒன்றைக் கேட்கிற முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்பதைப் பற்றி.

அந்தப் பட்டறை மதராஸ் ரோட்டோரம் ஒரு தகரக் கொட்டகை. அதற்குச் சொந்தக்காரரும் தலைமை வேலைக்காரரும் ஒருவரே. ஊரில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி, எனக்கும் மேஸ்திரி. வேலையை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன் என்று பெருமையாகச் சொல்லலாம், பொய்யில்லை. அவர் அடித்த பலகை லாரி செத்த பிறகும் உயிரோடு இருக்கும். கைக்கு அப்படி ஒரு திறமை. வாய்க்கு மட்டும் ஒரே ஒரு சொல்தான் தெரியும். "ஆவட்டுங்க."

வெள்ளிக்கிழமை வண்டி வேண்டும் என்று ஒருவர் வருவார். ஆவட்டுங்க. அவர் முதுகு திரும்புவதற்குள் இன்னொருவர் வந்து அதே வெள்ளிக்கிழமையைக் கேட்பார். அவருக்கும் ஆவட்டுங்க. வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் வந்து நிற்கும்போது கொட்டகை பூட்டியிருக்கும். மேஸ்திரி வானூருக்குத் துக்கத்துக்குப் போயிருப்பார். வெள்ளிக்கிழமைகளில் வானூரில் அவருடைய உறவினர்கள் நிறையப் பேர் செத்துப்போவார்கள். அந்தக் குடும்பமே பூண்டற்றுப் போயிருக்க வேண்டும், ஆனால் கல்யாணங்களில் எல்லோரையும் பார்த்திருக்கிறேன்.

நம் தொழிலில் அந்தப் பக்கம் ஒரு முறை இருந்தது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதுக் கூண்டு கட்டி முடித்ததும் முதல் சுற்று மேஸ்திரிக்கு. கட்டியவர்தான் முதலில் ஏறி, தானே ஓட்டி, பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்ப வேண்டும். அதுவரை வண்டிக்காரர் படியில் காலை வைக்க மாட்டார். திரும்பி வந்ததும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் ஜரிகை வேட்டியும் வைத்து மேஸ்திரிக்குக் கொடுப்பார். இந்த முறை ஏன் வந்தது என்று யாரும் யோசித்ததில்லை. மேஸ்திரிக்கு அது வேட்டி வருகிற நாள், அவ்வளவுதான். ஓட்டத் தெரிந்தவர், சந்தோஷமாக ஓட்டுவார்.

விழுப்புரத்தில் ஒரு குடும்பம். அரிசி மில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை ஆட்டுகிற செக்கு, வரிசையாக லாரிகள். அந்த லாரிகளுக்கெல்லாம் எங்கள் பட்டறைதான் கூண்டு கட்டியது. எங்கள் அடுப்பு எரிந்ததே அந்த வீட்டை நம்பித்தான். அப்பாவைப் பெரியவர் என்போம், ஒரே மகனைச் சின்னவர் என்போம். சின்னவர் மதராசில் கல்லூரியில் படிக்கப் போய், ஊருக்கு வெளியே பழைய விமானத் திடலில் நடக்கிற கார் பந்தயத்தைப் படித்துவிட்டுத் திரும்பியவர். ஒரு நாள் காலை, இங்கிலீஷ் பத்திரிகையில் வந்த படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார்.

மேஸ்திரி படத்தை வாங்கி நேராகப் பார்த்தார், தலைகீழாகவும் பார்த்தார்.

"இன்னாங்க இது, பாதி வேலையிலயே படம் புட்சிட்டாங்களா?"

"இதான் மேஸ்திரி முழு வண்டி."

"கூரை?"

"கெடையாது."

"கதவு?"

"கெடையாது. அப்பிடியே தாண்டி உள்ள குதிக்கணும்."

"ஆரன், லைட்டு, மழைக்கு ஒரு படுதா?"

"எதுவுமே கெடையாது மேஸ்திரி. எது இல்லன்னா வண்டி ஓடாதோ அது மட்டும்தான் இருக்கணும். மத்தது பூராவும் எடை. எடை கொறையக் கொறையத்தான் வேகம்."

"ஆவட்டுங்க" என்றார் மேஸ்திரி.

தாண்டிக் குதிக்க வேண்டும் என்று சொன்னவரை நான் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தேன். மில் வாசலில் இருக்கிற மூன்று படிக்கே கைப்பிடியைத் தேடுகிற உடம்பு. குறையாகச் சொல்லவில்லை, சாப்பாட்டில் யாருக்கும் குறை வைக்காத வீடு அது. ஆனாலும் எடையைக் குறைப்பது என்று முடிவு செய்தால் எங்கிருந்து தொடங்கலாம் என்பது பட்டறையில் இருந்த எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ரோட்டில் அடிபட்டுக் கிடந்த சின்ன இங்கிலீஷ் கார் ஒன்றிலிருந்து என்ஜினும் சக்கரங்களும் வந்தன. குழாய்களை வளைத்து ஒட்டி ஒரு சட்டம் கட்டினோம். எப்படிக் கட்டினோம் என்ற கதை வேண்டாம். பார்க்க அழகாகவே இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "எப்ப முடியும்?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். முடிந்துவிட்டது என்றால் பாவப்பட்டு நம்மைப் பார்ப்பார்கள்.

வண்டி நின்றதும் எடை பார்க்க வேண்டும் என்றார் சின்னவர். விழுப்புரத்துக்கு இந்தப் பக்கம் கரும்பு வண்டிகளை எடை போடுகிற மேடை ஒன்று உண்டு. லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அதன் மேல் இறக்கினோம். சின்னவர் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஓட்டுகிறவனோடு சேர்த்துப் பார்ப்பதுதான் பந்தய முறை என்றார். பார்த்தால் அவர் நினைத்ததைவிட எக்கச்சக்கமாக இருந்தது.

"கொறைக்கணும் மேஸ்திரி."

"ஆவட்டுங்க."

குறைத்தோம். துளை போட முடிந்த இடத்திலெல்லாம் துளை போட்டேன். பெடலில் துளை, சீட்டுச் சட்டத்தில் துளை, கியர் தடியில்கூடத் துளை. வண்டி இட்லித் தட்டு மாதிரி ஆகிவிட்டது. மறுபடியும் மேடைக்குப் போனோம். எடை அப்படியே இருந்தது. எடை போடுகிறவருக்குத் தாங்கவில்லை.

"வண்டி நல்லாத்தான் எளைச்சிருக்குதுங்க. ஐயா மட்டும் ஒரு தபா எறங்கி நின்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர், சின்னவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேடையில் சரக் சரக்கென்று துடைப்பத்தைப் போட ஆரம்பித்தார்.

அவர் சொல்ல வந்தது பாதிதான் உண்மை. மீதிப் பாதி எனக்கும் மேஸ்திரிக்கும் மட்டும் தெரியும். சின்னவர் காலையில் வந்து குறைக்கச் சொல்லிவிட்டுப் போவார். பெரியவர் சாயங்காலம் வருவார். திண்டிவனம் மண்டிக்கு வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்பார். வண்டியைச் சுற்றி வருவார். அவருக்குக் கண் கலங்கும், அது நடிப்பில்லை. ஒரே பிள்ளை.

"மேஸ்திரி, இதுல எம்புள்ள உட்காந்து போறான். தட்டுனா தகர டப்பா மாதிரி சத்தம் வருது. அவன் சொல்றத கேட்டுக்க, செஞ்சிடாத. நல்லா கெட்டியா பண்ணு. அவனுக்குத் தெரிய வாணாம்."

"ஆவட்டுங்க."

மில்லில் கழற்றிப் போட்ட பழைய பாய்லரின் தகடு ஒன்று லாரியில் வந்து இறங்கியது. இரண்டு ஆள் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அதை வெட்டி சீட்டுக்கு அடியில் வைத்து, மேலே சாக்கும் ரெக்சினும் போட்டு மூடினோம். பிறகு பக்கவாட்டில் ஒன்று. பிறகு, பந்தயத்தில் முன்னால் போகிறவன் எப்படி வழி விடுவான் என்று கேட்டு, பஸ்ஸுக்கு வைக்கிற பெரிய ஹாரன் ஒன்று. அதை வண்டியின் மூக்குக்கு உள்ளே மறைத்து வைத்தோம். மகனுக்காகப் பகலில் துளை போட்டேன், அப்பாவுக்காகச் சாயங்காலத்தில் இரும்பு ஒட்டினேன். எடை எப்படிக் குறையும்?

"இது எங்க போயி முடியும் மேஸ்திரி?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அவருக்கும் சந்தோசம், இவருக்கும் சந்தோசம், நமக்கு வேலை நடந்துகினு இருக்குது. டேய் ஆரோக்கியம், உனுக்கு இன்னாடா பேஜாரு?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது பேஜார் ஒன்றும் இல்லை, சிரிப்புதான் வந்தது. வண்டி தன் பாட்டுக்குக் கொட்டகையில் நிற்கிறது, இரண்டு பேர் மாறி மாறி வந்து அதைக் கொஞ்சிவிட்டுப் போகிறார்கள், நமக்கென்ன என்றிருந்தேன். அந்தக் குழாய் விஷயம் வருகிறவரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஓட்டுகிறவரின் முழங்காலுக்கு மேலே, இடது பக்கச் சட்டத்தையும் வலது பக்கச் சட்டத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒரு குழாய் போகும். ஸ்டியரிங் தண்டு அந்தக் குழாயைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கும். சின்னவர் வண்டிக்குள் தன்னைச் செலுத்திக்கொள்ளும்போதெல்லாம் அது தொடையில் இடித்தது. தொடையில் இடித்த நிமிடத்திலிருந்து அது அவருக்கு வீண் எடையாகத் தெரிய ஆரம்பித்தது. அதை எடுத்துவிடு என்றார். ஆவட்டுங்க. பெரியவர் சாயங்காலம் வந்தார். எடுக்கப் போகிற செய்தி எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. அந்தக் குழாயில் கை வைத்தால் என் லாரி ஒன்றுகூட இந்தப் பக்கம் வராது என்றார். அதற்கும் ஆவட்டுங்க.

இந்தத் தடவை மேஸ்திரி என்ன செய்யப்போகிறார் என்று எனக்கே வேடிக்கை பார்க்க ஆசை. ஒரு குழாய் இருக்கவும் வேண்டும், இருக்கவும் கூடாது. வானூரில் அதற்குத் தகுந்த சாவு விழ வாய்ப்பில்லை.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் யுத்த காலத்தில் போட்டுவிட்டுக் கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. மதராஸ் பந்தயத்துக்கு முன்னால் அங்கே வண்டியை ஓட்டிப் பார்ப்பது என்று நாள் குறித்தார்கள். அன்று காலை வண்டியை லாரியில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தேன். பிடிமானத்துக்காக அந்தக் குழாயில் கையை வைத்தேன். உள்ளங்கை முழுக்க அலுமினியப் பெயின்ட் ஒட்டியது. பழைய குழாய்க்கு ஏன் புதுப் பெயின்ட் என்று விரல் முட்டியால் தட்டினேன். இரும்புச் சத்தம் வரவில்லை.

சவுக்குக் கட்டை. குழாயை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சவுக்குக் கட்டையைச் செதுக்கி வைத்து, வெள்ளிக் கலரில் பெயின்ட் அடித்திருந்தார் மேஸ்திரி. தொடை இடிக்காதபடி அடிப்பக்கத்தைக் குடைந்தும் விட்டிருந்தார். செதுக்கல் வேலை என்னமோ பிரமாதம். ஸ்டியரிங் தண்டு அந்தக் கட்டையைக் கவ்விக்கொண்டிருந்தது.

லாரியில் மேஸ்திரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். விழுப்புரம் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

"மேஸ்திரி, அது மரம்."

"தெரியும்டா. நான்தான செதுக்குனேன்."

"சின்னவருக்கு?"

"சொல்லிட்டேன். குழாய எட்த்தாச்சு, பெரியவரு கண்ணுக்கு ஒரு கட்டை வெச்சிருக்குதுன்னு சொன்னேன். முதுகுல தட்டிக் குடுத்தாரு." பெரியவரும் வந்து பார்த்துவிட்டு, குழாய் இருக்கிறது என்று திருப்தியாகப் போனாராம். ஸ்டியரிங் இப்போது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

"வேகத்துல திருப்புனா கட்டை பொளந்துக்கும் மேஸ்திரி. சக்கரம் கையோட வந்துடும்."

"ஒரே ஒரு சுத்துதான்டா. மெள்ளத்தான் போவாரு."

"மெள்ள போறதுக்கா இத்தினி ஓட்டை போட்டேன்?"

மேஸ்திரி ஜன்னல் பக்கம் திரும்பிக் கரும்பு வயலைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அவர்மேல் அதற்கு முன் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை.

ஓடுதளத்தில் யாரோ மல்லாட்டை காய வைத்திருந்தார்கள். மில் ஆட்கள் அதை ஓரமாக வாரிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் உறவுக்காரர்களையெல்லாம் கூட்டி வந்திருந்தார். பந்தல் போட்டு, சர்க்கரைப் பொங்கல் வாசனை வந்துகொண்டிருந்தது. வண்டிக்கு மாலை போட்டார்கள், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சின்னவர் வெள்ளைக் கையுறை, கருப்புக் கண்ணாடியோடு வந்தார். தாண்டிக் குதிக்கவில்லை. ஒரு பக்கம் நானும் மறுபக்கம் ஒரு மில் ஆளும் பிடித்து உள்ளே இறக்கினோம். தொடை இடிக்கவில்லை என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? "அது மரம்" என்று கத்திவிடுவேன் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த வீட்டை நான் வெகு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கத்தினால் பெரியவர், "எறங்குடா கீழ" என்பார். அத்தனை உறவுக்காரர்களுக்கு நடுவில் அப்பா இறங்கச் சொன்ன அந்த நொடியில் மகன் வண்டியைக் கிளப்பிவிடுவார். அந்த வீட்டில் அப்பா வேண்டாம் என்றது எதையும் மகன் செய்யாமல் விட்டதில்லை. இந்த வண்டி பிறந்த கதையே அதுதான். உண்மையைச் சொல்வதாலேயே அவரைக் கொன்றுவிடுவேன். சின்னவர் காதில் மட்டும் சொல்லலாம் என்றால் அவருக்குத்தான் மரம் என்று ஏற்கெனவே தெரியுமே. மேஸ்திரி சொன்னதை நம்பிச் சந்தோஷமாக உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கட்டை ஸ்டியரிங்கைத் தாங்காது என்றால், குழாயைத் திரும்ப வைக்க அப்பா சொல்லிக்கொடுத்த பேச்சு என்பார். மேஸ்திரி பெரியவர் முதுகுக்குப் பின்னால் நின்று, பேசாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

அப்போது பந்தலில் தாம்பாளம் கண்ணில் பட்டது. வெற்றிலை, பாக்கு, அகலக் கரை வேட்டி. மேஸ்திரி இந்தத் தடவை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பெரியவர் பழக்க தோஷத்தில் கொண்டுவந்துவிட்டார்.

"ஐயா" என்றேன் பெரியவரிடம், சத்தமாகவே. "முதல் சுத்து மேஸ்திரிக்குங்களே. சின்னவரு மொதல்ல உட்காந்துட்டாரு."

பெரியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட ஆமாடா. சந்தோசத்துல மறந்தே பூட்டேன். மேஸ்திரி, வாய்யா. முறைய உட்ற முடியுமா? நீ ஒரு சுத்து போய்ட்டு வா, அப்பறம் அவன் ஓட்டட்டும்."

மேஸ்திரியின் வாய் ஆவன்னாவுக்குத் திறந்தது. திறந்தபடியே நின்றது.

"இது பந்தய வண்டிங்க. இதுக்கு அந்த முறைலாம் இல்லிங்க."

"வண்டின்னா வண்டிதான்யா. ஏறு."

"செருப்பு போட்டுகினு இருக்கறேங்க."

"கழட்டிப் போடு."

"கண்ணு வேற கொஞ்ச நாளா மங்கலா..."

"இம்மாம் பெரிய மைதானத்துல எத போயி இடிக்கப் போற?"

"இன்னைக்கு அஷ்டமிங்க" என்றார் மேஸ்திரி. வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

பெரியவரின் முகம் மாறியது. "அஷ்டமின்னா எம்புள்ள மட்டும் ஓட்டலாமா?"

சின்னவர் கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முட்டாள் இல்லை, எல்லோரும் சரி சரி என்றே சொல்லி வளர்த்த பிள்ளை, அவ்வளவுதான். மேஸ்திரியையே பார்த்தார்.

"மேஸ்திரி, என்னப் பாத்து சொல்லு. நீ கட்டுன வண்டி. இதுல உட்காருவியா, மாட்டியா?"

"முடியாதுங்க" என்றார் மேஸ்திரி.

அவர் வாயில் அந்தச் சொல்லை நான் முதல் தடவையாகக் கேட்டேன். அதைச் சொல்லிப் பழக்கமில்லாததால் குரலே வேறு யாருடையதோ போல இருந்தது.

சின்னவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கை குடு" என்றார். கொடுத்தேன். அவர் வெளியே வந்து தரையில் நின்ற பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. பெரியவர் வந்து கட்டையைத் தட்டினார். மறுபடியும் தட்டினார். நகத்தால் சுரண்டினார். பெயின்ட் பெயர்ந்து சவுக்கு பல்லைக் காட்டியது. சின்னவர் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். ஆணித் துளைகளோடு பாய்லர் தகடு கிடந்தது.

"இது நம்ம மில்லு தகடுதானப்பா?"

"அது உன் பத்திரத்துக்குடா."

"அந்தக் கட்ட உங்க திருப்திக்கு" என்றார் மகன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இரண்டு பேரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார். பெரியவர் என்னிடம் வந்தார்.

"உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலையில தெரியும்ங்க."

"தெரிஞ்சிகினே ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீங்க எறங்கச் சொல்லுவீங்க. நீங்க சொல்லிட்டா சின்னவரு கண்டிப்பா கௌப்பிடுவாருங்க."

மரத்தை அவர்கள் மன்னித்தார்கள். தகட்டை மன்னித்தார்கள். இதை மன்னிக்கவில்லை. உறவுக்காரர் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள், அதுதான் வினை. அப்பாவும் மகனும் பல வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள் என்று நினைக்கிறேன்.

"மேஸ்திரி, இந்த ஆளு இனிமே நம்ம வண்டி எதுலயும் கை வெக்கக் கூடாது" என்றார் பெரியவர்.

"அனுப்பிடு" என்றார் சின்னவர்.

"ஆவட்டுங்க" என்றார் மேஸ்திரி.

சின்னவர் மதராஸ் பந்தயத்துக்குப் போனார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார் என்று கேள்வி. பிறகு மில்லை நன்றாகவே நடத்தினார், நீண்ட நாள் இருந்தார். அந்த வண்டி மில் களத்து ஓரத்தில் நின்றது. கடைசியாக நான் பார்த்தபோது அதில் கோழி முட்டையிட்டிருந்தது. கதவில்லாதது அதற்கு வசதி. எனக்கு விழுப்புரத்தில் பஸ்ஸுக்குக் கூண்டு கட்டுகிற வேலை கிடைத்தது. மேஸ்திரியும் பிற்பாடு பஸ் கட்டினார், அவற்றிலும் ஏறிப் போயிருக்கிறேன், முடிந்தவரை வாசல் பக்கம் நின்றுகொண்டு.

நீங்கள் "ஆவட்டுங்க" சொல்வதில்லை, தெரியும். கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைப் போனில் அனுப்பிவிடுகிறீர்கள். இரண்டும் ஒன்றுதான். பணம் போடுகிறவர் ஒன்று கேட்பார், பந்தயத்துக்குப் போகிறவர் அதற்கு எதிராக இன்னொன்று கேட்பார், இரண்டு பேருக்கும் கட்டை விரல் போகும். உங்கள் வண்டி தயாராகிற அன்றைக்கு நான் வருவேன். முதல் சுற்று யாருக்கு என்று கேட்பேன். அஷ்டமி, நவமி எல்லாம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓடுதளத்திலிருந்து அன்று சாயங்காலம் அதே லாரியில்தான் திண்டிவனம் திரும்பினோம். மேஸ்திரி அந்த வேட்டியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சுற்று போகவில்லையே என்று கேட்க அந்தக் களேபரத்தில் யாருக்கும் தோன்றவில்லை. பட்டறை வாசலில் இறங்கியதும், "நாளைலேர்ந்து வராதடா" என்றார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "எத்தினி பேருக்கு ஆவட்டுங்கன்னு சொல்லிட்டு செய்யாம உட்டிருக்கீங்க மேஸ்திரி. இதையும் அப்பிடி உட்டா இன்னா?"

மேஸ்திரி வேட்டி மடிப்பை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"நீ இருந்தியானா," என்றார், "நான் கட்டுற ஒவ்வொண்ணுலயும் நான் உட்காரணுமேடா."